"யாருக்கு மாத்திரை, நர்சம்மா?": கடலோரச் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று நம் ராமநாதபுரம் கரை நெடுக வேலை பார்க்கும் தங்கச்சிகளுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம். துணை சுகாதார நிலையமோ, லேபோ, மருந்தகமோ, ஆம்புலன்சோ, தனியார் ஆஸ்பத்திரியின் ஓ.பி. சீட்டு எழுதும் மேஜையோ, எங்கே இருந்தாலும் இது உங்களுக்குத்தான்.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். சர்வீஸ் முழுக்க இந்த உப்புக்காற்றில்தான் போனது. இப்போது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவதுதான் வேலை. பேசாமல் இருந்திருப்பேன். போன மாதம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. ஒரு லைன் லிஸ்ட். கர்ப்பிணிகளின் பெயர், கணவர் பெயர், ஊர், போன் நம்பர், கடைசிக் கட்டத்தில் ரத்தப் பரிசோதனை முடிவு. யாரோ ஒரு சிஸ்டர் அவசரத்தில் தன் குரூப்பில் போட்டது கைமாறிக் கைமாறி, வேலையை விட்டு வருஷக்கணக்காகிவிட்ட என்னிடம் வந்து நிற்கிறது. அப்படியானால் வேறு யார் யாரிடம் போயிருக்கும்? அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பெண்ணை, அவள் அம்மா வயிற்றிலிருந்து வெளியே எடுத்தவளே நான்தான். படத்தை அழித்துவிட்டேன். ஆனால் படித்துவிட்டுத்தானே அழித்தேன்.

யார் அனுப்பியது என்று தேடி அவமானப்படுத்த இந்த மடலை எழுதவில்லை. அந்தத் தகுதி எனக்குக் கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது டி.பி. மாத்திரை ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனிப் பெட்டியாக வரும். பெட்டி மேலே பெயர் எழுதியிருக்கும். முதல்முறை சிகிச்சைக்குச் சிவப்புப் பெட்டி, நடுவில் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பவர்களுக்கு நீலப் பெட்டி. கண்ணுக்கு முன்னால் மாத்திரையை விழுங்க வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். ஒரு நாள் சிவப்புப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடற்கரைக் குடியிருப்பு ஒன்றுக்குள் நுழைந்தேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். "யாருக்கு மாத்திரை, நர்சம்மா?" நானும் சிரித்துக்கொண்டே, "அந்தக் கடைசி வீட்டுக்கு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை, நோயைச் சொல்லவில்லை. ஆனால் கடைசி வீடு எது என்று அவர்களுக்குத் தெரியும். சிவப்புப் பெட்டி எதற்கு என்பதும் தெரியும். அந்த வீட்டுப் பெண் பாசி எடுக்கப் போகிறவள். பத்துப் பதினைந்து பேர் ஒரே வல்லத்தில் தீவுப் பக்கம் போய், முகத்துக்குக் கண்ணாடி போட்டு முங்கி, பாறையிடுக்கில் பாசியைப் பிடுங்கி வருகிற வேலை. வல்லத்தில் எல்லோருக்கும் ஒரே குடத்துத் தண்ணீர். ஒரு வாரத்தில் அவளுக்கு வல்லத்தில் இடம் இல்லாமல் போனது. யாரும் திட்டவில்லை, சண்டை போடவில்லை. "இன்னைக்கு ஆள் நிறைஞ்சிருச்சு" என்றார்கள், அடுத்த நாளும் அப்படியே. மாதம் முடிவதற்குள் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். மாத்திரையும் நின்றது.

திரும்பி வந்தபோது அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தாள். இந்த முறை நீலப் பெட்டி. ஆறு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய சிகிச்சை எட்டு மாதம் ஆனது, முதல் இரண்டு மாதம் ஊசியும் சேர்த்து. பிழைத்துக்கொண்டாள். ஊசி போடும்போது ஒரே ஒரு முறை கேட்டாள், "நீங்க சொல்லிருக்க வேணாம்ல?"

நர்சிங் வகுப்பில் நோயாளியின் ரகசியம் பற்றி ஒரு பாடம் உண்டு. பரீட்சைக்குப் படித்தேன், மார்க்கும் வாங்கினேன். அந்தப் பாடம் எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான். நம் ஊர்களில் ரகசியம் கம்ப்யூட்டரை உடைத்துத் திருடுபவனால் போவதில்லை. விசாரிக்கிறவர்களின் பாசத்தாலும், பதில் சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்று நாம் நினைப்பதாலும்தான் போகிறது. பட்டணத்தில் பெயரை மறைத்தால் ஆளையே மறைத்ததாகிவிடும். இங்கே பெயர் தேவையே இல்லை. "நேற்று பாம்பனிலிருந்து ஒரு கேஸ் வந்துச்சு, புருஷன் சவுதியில், மூணாவது பிரசவம்" என்று சொன்னால் போதும், டீ ஆறுவதற்குள் யாரென்று ஊர் கண்டுபிடித்துவிடும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? ஒரே புத்தகமாக இல்லாமல், அங்கங்கே சிதறிக் கிடக்கிறது என்பதுதான் நம் சங்கடம்.

என் தங்கை மகள் அமெரிக்காவில் நர்சாக இருக்கிறாள். அங்கே ஹிப்பா என்று 1996-ல் வந்த ஒரு சட்டம். வேலைக்குத் தேவையான அளவு மட்டும்தான் நோயாளியின் விவரத்தைப் பார்க்கலாம், பகிரலாம் என்பது அதன் முக்கியமான விதிகளில் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் அட்மிட் ஆகியிருக்கிறாரே என்று ஆர்வத்தில் கம்ப்யூட்டரில் அவர் ஃபைலைத் திறந்தாலே வேலை போய்விடும் என்கிறாள், யார் எதைத் திறந்தார்கள் என்று பதிவாகிவிடுமாம். நம்மூர்ப் பயிற்சி வகுப்பிலும் சிலர் ஹிப்பா, ஹிப்பா என்கிறார்கள். அது நம் நாட்டுச் சட்டம் இல்லை. "தேவையான அளவு மட்டும்" என்ற எண்ணத்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு நம்முடையதைப் பார்ப்போம்.

டாக்டர்களுக்கு 2002-ல் வந்த நடத்தை விதிகள் இருக்கின்றன. நோயாளியிடமிருந்து தெரிந்துகொண்டதை வெளியே சொல்லக்கூடாது. நீதிமன்றம் உத்தரவிட்டால் சொல்லலாம். குறிப்பிட்ட ஓர் ஆளுக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து இருந்தால் சொல்லலாம். அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய் என்றால் சொல்லலாம். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. 250 கோடி என்று கேட்டதும் நமக்குச் சிரிப்புத்தான் வரும், நம் துணை நிலையத்தில் ஒரு தாழ்ப்பாள் மாற்றவே மூன்று தடவை எழுதிப்போட வேண்டும். ஆனாலும் அந்த லைன் லிஸ்ட் படம் இந்தச் சட்டம் பேசுகிற சங்கதிதான்.

டி.பி.யில் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். 2012 முதல் அது கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். தனியார் டாக்டராக இருந்தாலும் அரசின் நிக்ஷய் என்ற இணையதளத்தில் பதிய வேண்டும். அதனால் அதில் ரகசியம் ஏது என்று ஒரு தம்பி என்னிடமே வாதாடினான். அரசுக்குத் தெரிவிப்பது வேறு, பஞ்சாயத்துத் தலைவருக்குச் சொல்வது வேறு, தம்பி. ஊட்டச்சத்துப் பை கொடுக்கிற நல்ல திட்டம் இருக்கிறது, கொடுப்பவர்களைக் கும்பிடலாம். ஆனால் வரிசையாக நிற்க வைத்து, பின்னால் பேனர் கட்டி, பையோடு போட்டோ எடுத்து முகநூலில் போட்டால், அது நான் கக்கத்தில் வைத்துக்கொண்டு போன சிவப்புப் பெட்டிதான். என் பெட்டியைப் பார்த்தது ஒரு தெரு. இதைப் பார்ப்பது துபாயில் இருக்கும் சம்பந்தி வீடு வரைக்கும்.

எச்.ஐ.வி.க்குத் தனிச் சட்டமே உண்டு. 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை, எழுத்துமூலம் அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது. சிகிச்சைக்கு அவசியமாக இன்னொரு மருத்துவப் பணியாளருக்குச் சொல்வது, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு. கணவன் மனைவி விஷயத்தில் சட்டம் ரொம்பவே யோசித்து எழுதப்பட்டிருக்கிறது. துணைக்கு உண்மையான ஆபத்து இருக்கிறது, நோயாளியிடம் எடுத்துச் சொல்லியும் அவர் சொல்லப்போவதில்லை என்றால், "நான் சொல்லப்போகிறேன்" என்று அவரிடம் தெரிவித்துவிட்டு டாக்டரோ ஆலோசகரோ நேரில் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால் ஒரு பெண் அடிபடுவாள், வீட்டை விட்டுத் துரத்தப்படுவாள் என்ற நியாயமான பயம் இருந்தால் சொல்லக்கூடாது. இதில் டாக்டர், ஆலோசகர் என்றுதான் இருக்கிறது. ஆயாம்மாவும் வாட்ச்மேனும் வார்டில் பக்கத்துக் கட்டில் அக்காவும் அதில் வரமாட்டார்கள். கேஸ் ஷீட் மேலே சிவப்பு மையால் பெரிதாக எழுதுவதையும் கட்டிலில் அடையாள ஸ்டிக்கர் ஒட்டுவதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம் பாதுகாப்புக்கு என்பார்கள். கையுறை எல்லா நோயாளிக்கும் போடு என்றுதானே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒருவருக்கு மட்டும் போட்டால் அதுவே அறிவிப்புப் பலகை.

கோவிட் காலத்தில் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பேரிடர் சட்டத்தின்படி உரிய அதிகாரி குறிப்பாக உத்தரவிட்டாலொழிய அப்படி ஒட்டக்கூடாது என்றது. அதற்குள் ஒட்ட வேண்டியதெல்லாம் ஒட்டி முடித்திருந்தோம்.

ஏர்வாடியைச் சொல்லாமல் இந்தக் கரையைப் பற்றி எழுத முடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு நிறைய மாறியது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் வந்தது, அதில் ரகசியம் காக்கும் உரிமை தெளிவாக இருக்கிறது. மனநல நிலையத்தில் சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக்கூடாது. மீறினால் முதல்முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்போது ஊடகம் என்பது கேமரா வேனில் வருவதில்லை, சட்டைப்பையில் வருகிறது. யூடியூப் சேனல் வைத்திருக்கிறேன், விழிப்புணர்வு வீடியோ எடுக்கிறேன் என்று வருகிறவர்களுக்கு "அந்தா, அவர்தான்" என்று கை காட்டிவிடாதீர்கள். அவரும் ஒரு நாள் குணமாகி வேலை தேடுவார், அந்த வீடியோ அங்கேயே இருக்கும்.

இனிக் கஷ்டமான இடத்துக்கு வருவோம். சட்டத்தை விட உறவுதான் நம்மைச் சோதிக்கும்.

கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இது வாராவாரம் வரும். வெளிநாட்டிலிருந்து போன். "சிஸ்டர், நான் அவ ஹஸ்பெண்ட் பேசுறேன், ஸ்கேன் ரிப்போர்ட்டை எனக்கு வாட்சப்ல போட்டுவிடுங்க." பேசுவது கணவர்தானா என்பது முதல் கேள்வி. கணவரே என்றாலும் ரிப்போர்ட் அவளுடையது. "அவங்க பக்கத்துலதான் இருக்காங்க, அவங்களையே அனுப்பச் சொல்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். நூற்றில் தொண்ணூறு பேர் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கோபப்படுகிற அந்த மீதிப் பேருக்காகத்தான் இந்த விதியே இருக்கிறது. அதேபோல வளைகுடா போக மெடிக்கல் எடுத்தவரின் முடிவை ஏஜென்ட் கேட்பார், மாமனார் கேட்பார். "அன்ஃபிட்" என்ற ஒரு சொல் போதும், பையனின் கல்யாணம் நிற்கும். அவன் நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய தழும்பு ஒன்று மட்டும் இருந்திருக்கலாம், அது யாருக்குத் தெரியப்போகிறது?

பெண் பார்க்க வருமுன் நம்மிடம் "சும்மா" விசாரிக்க வருவார்கள் தெரியுமா, அவர்கள்தான் ரொம்பக் கெட்டிக்காரர்கள். "நல்ல பிள்ளைதானே, ஆஸ்பத்திரிக்கெல்லாம் வர்றதில்லையே?" என்று கேட்பார்கள். ஒருத்திக்கு "வர்றதில்லை" என்று சொல்லி, இன்னொருத்திக்கு மௌனமாக இருந்தால், மௌனமே பதிலாகிவிடும். யார் கேட்டாலும், யாரைப் பற்றிக் கேட்டாலும், ஒரே பதில் வைத்துக்கொள்ளுங்கள். கருக்கலைப்பு விஷயத்தில் இன்னும் கவனம். 2021-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, அந்தப் பெண்ணின் பெயரையோ விவரத்தையோ சட்டம் அனுமதிக்காத ஆளிடம் வெளியிடும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. டாக்டருக்கே அப்படி என்றால், பக்கத்தில் தட்டு பிடித்து நிற்கும் நமக்கு வாய் இருக்கலாமா?

பதினெட்டு வயது ஆகாத பிள்ளை கர்ப்பமாக வந்தால் கதை வேறு. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் குற்றம். ஆனால் பிள்ளையும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புக்காக வந்த சிறுமியின் அடையாளத்தை அந்தத் தகவலில் டாக்டர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பயத்தில் அந்தப் பிள்ளைகள் நாட்டு மருந்து தேடிப் போய்விடக் கூடாதே என்பதற்காக.

என்னை இன்னும் உறுத்தும் ஒரு கேள்வி இருக்கிறது. விசைப்படகு டிரைவர் ஒருவருக்கு வலிப்பு. மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை. படகுக்காரர் வந்து, "அவனுக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். படகில் அவரோடு சேர்த்து ஐந்தாறு பேர் போவார்கள். சொன்னால் டிரைவரின் பிழைப்பு போகும், சொல்லாவிட்டால் நடுக்கடலில் எல்லார் உயிரும். நான் படகுக்காரரிடம் வாயைத் திறக்கவில்லை. டிரைவரையும் அவர் மனைவியையும் கூப்பிட்டு டாக்டர் முன்னால் உட்கார வைத்தேன். இப்படிப்பட்ட இடத்தில் முடிவெடுக்க வேண்டியவர் டாக்டர், காரணத்தை எழுதி வைத்து முடிவெடுக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் டிரைவர் கரையில் இருந்து மருந்தைச் சரிப்படுத்திக்கொண்டார். வலை இழுக்கும் வேலைக்குத் தானே மாறிக்கொண்டார். எல்லாக் கதையும் இப்படி நல்லபடியாக முடியும் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த ஆள் அன்று மறுத்திருந்தால் டாக்டர் என்ன செய்திருப்பார் என்று இன்றும் யோசிப்பேன்.

இன்னொன்று. ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிற நாம், நோயாளியிடம் மட்டும் மறைக்கிறோம். அம்மாவுக்குப் புற்றுநோய், மகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வோம், மருமகளுக்குத் தெரியும், கொழுந்தனுக்குத் தெரியும், அம்மாவிடம் "அல்சர்" என்போம். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் உடம்பு அவளுடையது. "யாருக்கெல்லாம் சொல்லலாம்மா, உங்களுக்கு எவ்வளவு தெரியணும்?" என்று முதலில் அவளிடம் கேட்டு, கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். தன் மருத்துவக் குறிப்பைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அந்த 2002 விதிகளே சொல்கின்றன. ரகசியம் என்பது அவளிடமிருந்து பூட்டி வைப்பது கிடையாது.

மேலே இருக்கும் அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் லிஸ்ட் குரூப்பில் வர வேண்டும் என்று போனில் சத்தம் போடுவது நீங்கள்தான். போட்டோ எடுத்துப் போட்டால்தான் வேலை நடந்ததாகக் கணக்கு என்பதும் நீங்கள்தான். அந்தப் பிள்ளையின் சொந்தப் போனில், அவள் தம்பியும் விளையாடுகிற போனில், ஐநூறு பேரின் நோய் கிடக்கிறது. குரூப்பில் முப்பது பேர் இருக்கிறார்கள், மாறுதலாகிப் போனவர்களை யாரும் நீக்குவதில்லை. லிஸ்ட்டில் பெயருக்குப் பதில் பதிவு எண் மட்டும் போதும் என்று நீங்கள் ஒரு சுற்றறிக்கை விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு ஒரு திரைச்சீலை வாங்கிக் கொடுங்கள். ஓ.பி.யில் பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, "உனக்கு வெள்ளை படுதுன்னு சொன்னியே" என்று சத்தமாகக் கேட்பது கெட்ட மனத்தால் இல்லை, அறையில் இடமில்லாததால்தான்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் தங்கச்சிகளே, உங்களைப் பார்த்தால் என் பழைய நடை ஞாபகம் வருகிறது. சுகர் மாத்திரைதானே, இதில் என்ன ரகசியம் என்று நினைப்பீர்கள். இருபத்தெட்டு வயதில் சுகர் வந்த பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். வாசலில் நின்று அளவைச் சத்தமாகச் சொல்லாதீர்கள், உள்ளே வரலாமா என்று கேளுங்கள். ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். நோட்டை மடித்து வையுங்கள், அடுத்த வீட்டில் விரித்து வைத்தால் முந்தைய வீட்டுக் கணக்கும் சேர்ந்து தெரியும்.

தெருவில் கேட்பார்கள், கேட்காமல் விடமாட்டார்கள். அந்த நீலப் பெட்டிக்கு அப்புறம் நான் பெட்டியைக் கக்கத்தில் வைத்துப் போனதே இல்லை. மஞ்சப்பையில் போட்டு, மேலே நாலு வெண்டைக்காயைத் தூவிவிடுவேன். கருவாட்டுக்காரப் பெண்கள், "யாருக்கு மாத்திரை, நர்சம்மா?" என்பார்கள். "எனக்குத்தான்டி, மூட்டு வலி" என்று காலைக் கொஞ்சம் தாங்கி நடப்பேன். ஓய்வு பெற்ற அன்று அந்தக் குடியிருப்பில் எனக்கு ஒரு பாட்டில் தைலம் பரிசாகக் கொடுத்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு கிராம சுகாதார செவிலியர்,
மண்டபம் வட்டாரம்.